குழாய் பேசுமுன் நாம் பேசுவோம்



சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்தைய வாரம், புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின், நம் சபைச் சகோதரி ஒருவர் என்னைக் காணக் காத்திருந்தார். கைப்பையிலிருந்து ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் இருந்தபடியே செய்துகொள்ளும் டிஎன்ஏ பரிசோதனைக்கான பெட்டி அது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயும், அதற்குரிய எண்ணும், திருப்பி அனுப்புவதற்கு முகவரி அச்சிட்ட உறையும் இருந்தன. அரைமணி நேரம் எதுவும் உண்ணாமலும் குடிக்காமலும் இருந்து, குழாயில் குறித்த கோடுவரை உமிழ்நீரை நிரப்பித் தபாலில் சேர்க்க வேண்டும். சில வாரங்களில் முன்னோர் எந்தெந்த நிலத்தவர், இரத்த உறவினர் யார் யார் என்ற விடை திரையில் வரும். வீட்டில் நால்வருக்கும் நான்கு பெட்டிகள் வாங்கி, பண்டிகைப் பரிசாகக் கொடுத்திருந்தாள் அவருடைய மூத்த மகள்.

“ஐயா, அவள் நான் வயிற்றில் சுமந்த பிள்ளை இல்லை. அது அவளுக்குத் தெரியாது. இப்போது இதை நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

அந்தச் சகோதரியும் அவருடைய கணவரும் மகளும் இதை எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். மகள் இதை வாசித்துப் பார்த்தபின்னரே வெளியிடுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன். அவர்கள் யார் என்று ஊகிக்க முயலாதிருப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை.

சகோதரி கேட்டவுடன் என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஏனெனில் சில ஆண்டுகளுக்கு முன் இதே மேசையில் இதே கேள்வியை வேறொரு குடும்பம் என்னிடம் கேட்டது. அன்று நான் சொன்ன பதில் தவறானது. அந்தத் தவற்றை உங்கள்முன் அறிக்கையிடாமல் இந்தப் பொருளைப்பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்தக் குடும்பத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைப்பேறு இல்லை. மனைவியின் அக்காளுக்குப் பிள்ளைகள் பலர். பிறந்த சில நாள்களில் அக்காள் தன் மகன் ஒருவனைத் தங்கையின் மடியில் வைத்தார். நம் குடும்பங்களில் இது புதிதல்ல. ஊரில் இருந்திருந்தால் அயலார் எல்லாரும் அறிந்த செய்தியாகவே இருந்திருக்கும். போர் குடும்பத்தைச் சிதறடித்தது. அக்காள் ஐரோப்பாவுக்கும் தங்கை கனடாவுக்கும் போனார்கள். அறிந்தவர்கள் தொலைவிலானார்கள், சொல்லவேண்டிய நாள் தள்ளித் தள்ளிப் போனது, மகன் வளர்ந்து ஆளானான். அவன் டிஎன்ஏ பரிசோதனை செய்யப்போவதாகச் சொன்னபோது பெற்றோர் என்னிடம் ஓடிவந்தார்கள். “இத்தனை காலம் மறைந்திருந்தது மறைந்தே இருக்கட்டும். நீங்கள் இருவரும் பரிசோதனை செய்யாதிருந்தால் போதும்” என்று நான் ஆலோசனை கூறினேன். ஜெபித்து அனுப்பியும் வைத்தேன்.

அவன் மட்டுமே பரிசோதனை செய்தான். ஆனால் ஐரோப்பாவிலிருந்த பெரியம்மாவின் மகளும், இதை அறியாமல், அதே நிறுவனத்தில் முன்னரே பரிசோதனை செய்திருந்தாள். சிறு வயதுமுதல் அவன் தொலைபேசியில் “அக்கா” என்று அழைத்துவந்தவள் அவள். திரையில் அவள் பெயருக்கு எதிரே, உடன்பிறந்தவள் என்று இருந்தது. அவன் பெற்றோரிடம் “ஏன் மறைத்தீர்கள்” என்று முதலில் கேட்கவில்லை. “வேறு யாருக்கெல்லாம் தெரியும்” என்றே கேட்டான். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. தன் வாழ்வைப்பற்றித் தான் அறியாத ஒன்றைத் தன் போதகர் அறிந்திருந்து, ஞாயிறுதோறும் தனக்குத் திருவிருந்து கொடுத்தார் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. அவன் இப்போது நம் ஆலயத்துக்கு வருவதில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இன்னும் பதில் இல்லை. கேட்டுப்பெறும் உரிமையும் எனக்கு இல்லை.

நான் எங்கே தவறினேன்? முதலாவது, இந்தப் பரிசோதனையின் இயல்பை நான் விளங்கிக்கொள்ளவில்லை. என்னைப்போல் விளங்காதவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும் என்பதால் சற்று விளக்குகிறேன்.

மனித டிஎன்ஏ ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆனது என்று சொல்லலாம். வீட்டுப் பரிசோதனை அவை எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபடக்கூடிய சில இலட்சம் இடங்களை மட்டும் பார்க்கிறது. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் பெறுகிறோம். ஆகையால் உடன்பிறந்தோர் ஏறக்குறைய 50 விழுக்காட்டையும், பாட்டன் பாட்டியரோடு பேரப்பிள்ளைகள் ஏறக்குறைய 25 விழுக்காட்டையும், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தங்களுக்குள் ஏறக்குறைய 12.5 விழுக்காட்டையும் பகிர்ந்துகொள்கிறார்கள். நிறுவனம் உங்கள் முடிவைத் தன்னிடம் உள்ள மற்ற எல்லாருடைய முடிவோடும் ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்பதைக்கொண்டு உறவைக் கணிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே உலகில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இத்தகைய பரிசோதனையைச் செய்திருந்தார்கள் என்று கணக்கிடப்பட்டது. அதன்பின் அந்தத் தொகை இன்னும் பெருகியுள்ளது.

இதிலிருந்து ஒரு காரியம் தெளிவாகிறது. உங்கள் உமிழ்நீர் உங்களைப்பற்றி மட்டும் சாட்சி சொல்வதில்லை. உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோர், நீங்கள் கண்டேயிராத உறவினர் ஆகிய எல்லாரைப்பற்றியும் சொல்கிறது. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவில், பல ஆண்டுகளாகத் தேடப்பட்ட கொலைகாரன் ஒருவன் பிடிபட்டான். அவன் எந்தப் பரிசோதனை நிறுவனத்துக்கும் உமிழ்நீர் அனுப்பியவன் அல்லன். அவனுடைய தூரத்து உறவினர் சிலரின் முடிவுகள் இத்தகைய தளங்களில் இருந்ததே போதுமானதாயிற்று. ஒரு நாட்டில் நீங்கள் பூட்டிவைத்த பெட்டிக்கு வேறொரு நாட்டில் உங்கள் மைத்துனரிடம் மறுதிறப்பு இருக்கிறது. ‘நாம் செய்யாதிருந்தால் போதும்’ என்ற என் ஆலோசனை மணல்மேல் கட்டியது.

அப்படியானால் இந்தப் பரிசோதனை பாவமா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். பாவம் அல்ல என்பதே என் கருத்து. தான் எங்கிருந்து வந்தேன் என்று அறிய விரும்புவது மனிதனுக்கு இயல்பு. ஆதியாகமம் முதல் நாளாகமம் வரை வம்ச வரலாறுகளை வேதம் பாதுகாத்து வைத்திருக்கிறது. சிலருக்கு இந்தக் குழாய் அல்லாமல் வேறு வழியே இல்லை. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் தத்துப்பிள்ளைகளாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருடைய ஆவணங்கள் பொய்யாகப் புனையப்பட்டிருந்ததையும், பெற்ற தாயாக நடிப்பதற்கே பெண்கள் அமர்த்தப்பட்டிருந்ததையும் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுத்தியது. 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்து அரசு தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. பொய்யான காகிதங்களோடு வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு, பொய் சொல்லாதது தங்கள் உடல் ஒன்றுதான். அவர்கள் தங்கள் தாயைத் தேடுவதைக் குறைசொல்ல நாம் யார்?

எனினும் இந்தக் குழாயால் சொல்ல முடிந்தது எது, முடியாதது எது என்று அறிந்திருப்பது நல்லது. இத்தனை விழுக்காடு இன்ன தேசம் என்று வருவது, நிறுவனம் தன்னிடம் வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் செய்யும் மதிப்பீடு மட்டுமே. மாதிரிகள் கூடும்போது விழுக்காடும் மாறும். ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள் இருவருக்குக்கூட அது ஒன்றுபோல் இராது. நம் மக்களின் மாதிரிகள் ஐரோப்பியருடையவற்றைக் காட்டிலும் மிகக் குறைவு. ஆராய்ச்சியாளர் உலகெங்கும் பயன்படுத்தும் ‘1000 ஜீனோம்’ திட்டத்தில் இலங்கைத் தமிழரும் இடம்பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த மாதிரிகள் இங்கிலாந்தில் வாழ்வோரிடமிருந்து எடுக்கப்பட்டவை. மேலும், மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாக மணந்துவந்த நம்மைப் போன்ற சமூகங்களில், தூரத்து உறவினர்கூட உண்மையைவிட நெருங்கியவராகத் தோன்றுவார். 25 விழுக்காடு பொருந்துகிறவர் பாட்டனாகவும் இருக்கலாம், அத்தையாகவும் இருக்கலாம், தாயாலோ தந்தையாலோ மட்டும் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம். குழாய் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பசி, போர், மரணம், தியாகம், வெட்கம் எதையும் அது தருவதில்லை. அவற்றைச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

என் தவற்றின் இரண்டாவது பங்கு இதைவிடப் பெரியது. நான் பெற்றோரின் அச்சத்தைக் காத்தேன். மகனின் உரிமையை மறந்தேன். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் நான் கேட்கவில்லை. சகோதரி அந்தப் புதன்கிழமை இரவில் அதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு, வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்ததை நம்மில் பலர் இன்னும் கனவில் காண்கிறோம். சகோதரியும் கணவரும் சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். அதே அறையில் கைக்குழந்தையோடு தனியாக வந்திருந்த இளந்தாய் ஒருத்தி காய்ச்சலில் மரித்துப்போனாள். குழந்தையைத் தேடி ஒருவரும் வரவில்லை. இவர்கள் விசாரித்தார்கள், காத்திருந்தார்கள். பின்னர் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். மகன் பிறந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்.

“நல்ல காரியம்தானே செய்தீர்கள்; ஏன் மறைத்தீர்கள்?” என்று கேட்டேன். சகோதரி என்னை நேராகப் பார்த்தார். “ஐயா, நம் ஆட்கள் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? யார் பெற்ற பிள்ளையோ, எந்தச் சாதியோ என்று கேட்பார்கள். நாளைக்குக் கல்யாணம் பேசும்போது அதையே கேட்பார்கள். வெளியார் அல்ல, கோவிலுக்குள் இருக்கிறவர்களே கேட்பார்கள்” என்றார்.

பிரியமானவர்களே, இந்த வார்த்தை என்னைக் குத்தியது. உங்களையும் குத்தவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஞானஸ்நானத் தண்ணீரில் எல்லாரும் ஒன்றானோம் என்று அறிக்கையிடுகிறோம். பின்னர் திருமணப் பேச்சில், யாருக்கும் கேளாத குரலில், “அவர்கள் எந்தப் பக்கம்” என்று விசாரிக்கிறோம். ஒரு தாய் தன் மகளிடம் இருபத்தொன்பது ஆண்டுகள் மெளனமாய் இருந்ததற்கு அந்தத் தாயின் கோழைத்தனம் காரணம் அல்ல. ஆலய வாசலில் நின்று நாம் பேசிய பேச்சே காரணம். அந்த இரகசியத்தைப் பூட்டியவர் அவர். பூட்டைச் செய்து கொடுத்தவர்கள் நாம். நம் வம்சம் எப்படிப்பட்டது என்று மெய்ப்பிக்கும் ஆசையில் இந்தப் பெட்டியை வாங்குகிறவர் நம்மில் எவரேனும் இருந்தால், முடிவில்லாத வம்ச வரலாறுகளைக் குறித்து பவுல் தீமோத்தேயுவுக்குக் கொடுத்த எச்சரிக்கையை முதலில் வாசிக்கட்டும்.

இப்போது புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மத்தேயு ஒரு வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார். ஆபிரகாமிலிருந்து தாவீது வரை பதினான்கு, தாவீதிலிருந்து சிறையிருப்பு வரை பதினான்கு, சிறையிருப்பிலிருந்து கிறிஸ்து வரை பதினான்கு தலைமுறைகள். வாசிப்புப் பகுதியாக வரும்போது நாம் சலிப்போடு கடந்துபோகும் பகுதி அது. ஆனால் எந்தக் குடும்பமும் மறைக்க விரும்பக்கூடியதை அது மறைக்கவில்லை. மாமனாரால் பிள்ளைபெற்ற தாமார் இருக்கிறாள். எரிகோவின் ராகாப் இருக்கிறாள். மோவாபியப் பெண்ணான ரூத் இருக்கிறாள். சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதி, தாவீதின் பாவத்தையே அட்டவணைக்குள் கொண்டுவருகிறார் மத்தேயு. மேசியாவின் குடும்ப வரலாற்றைத் தேவன் திருத்தி எழுதவில்லை.

அட்டவணையின் முடிவைக் கவனியுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இன்னான் இன்னானைப் பெற்றான் என்று வந்த ஓட்டம் யோசேப்பிடம் வந்ததும் மாறிவிடுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று மத்தேயு எழுதவில்லை. மரியாளின் புருஷன் என்று மட்டும் எழுதுகிறார். ஆபிரகாமிலிருந்து அத்தனை தலைமுறைகளை எண்ணிவந்தது, இரத்தத்தால் தகப்பன் அல்லாத ஒரு மனிதனிடம் வந்து நிற்பதற்காகவா? ஆம், அதற்காகவே. தூதன் கட்டளையிட்டபடி யோசேப்பு மரியாளைச் சேர்த்துக்கொண்டான், பிள்ளைக்குப் பெயரிட்டான். பெயரிட்டதினால் பிள்ளை அவன் வீட்டானாயிற்று. அவன் வீடு தாவீதின் வீடு. மத்தேயு காட்டும் வழியில், நம் ஆண்டவர் தாவீதின் குமாரன் என்று அழைக்கப்படுவது ஒரு தச்சன் மனமுவந்து ஏற்றுக்கொண்டதன் வழியாகத்தான். வளர்த்தவன் மெய்யான தகப்பன் அல்லன் என்று சொல்ல நினைக்கும் எவனும் முதலில் இந்த அதிகாரத்தைத் தாண்டிப்போக வேண்டும்.

ஆகவேதான் பவுலும் நம் இரட்சிப்பை விளக்க ‘புத்திரசுவிகாரம்’ என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டார். நாம் ஒவ்வொருவரும் பிதாவின் வீட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகள். தத்துப்பிள்ளை என்ற சொல்லை நம் சபையில் எவரேனும் தாழ்ந்த சொல்லாகப் பயன்படுத்தினால், அவர் தம்மைத் தாமே தாழ்த்திப் பேசுகிறார். சேர்த்துக்கொண்ட பிதா அதை நமக்கு மறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்நியராயிருந்தோம், சேர்த்துக்கொள்ளப்பட்டோம் என்று தம் வார்த்தையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த உண்மையை அறிந்திருப்பதால் நம் பிள்ளை உரிமை குறையவில்லை, நன்றி பெருகுகிறது.

மறைப்பதற்கு ஒரு காலம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தாயும் தகப்பனும் இல்லாத எஸ்தரை மொர்தெகாய் தன் மகளாக எடுத்து வளர்த்தான். அரண்மனைக்குப் போனபோது அவள் தன் குலத்தைச் சொல்லக்கூடாதென்று கற்பித்தான். அந்த மெளனம் அவளைக் காத்தது. ஆனால் ஒரு நாள் அதே மொர்தெகாய், இனி மெளனமாயிருக்கக்கூடாது என்று சொல்லியனுப்பினான். எஸ்தர் மூன்று நாள் உபவாசித்தாள். பின்பு தானே எழுந்துபோய்த் தன் வாயினால் சொன்னாள். மெளனத்துக்கு ஒரு காலமும் பேசுவதற்கு ஒரு காலமும் உண்டு என்று பிரசங்கி அறிவான். போர்க்காலத்தில் அந்தக் குழந்தையைக் காத்த மெளனம், இன்று அவளைக் காயப்படுத்தக் காத்திருக்கும் மெளனமாக மாறிவிட்டது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மகனை இழக்கவேண்டியிருந்தது.

எனவே சகோதரியிடம் இம்முறை சொன்னேன்: “குழாய் பேசுமுன் நீங்கள் பேசுங்கள். இருவரும் சேர்ந்து பேசுங்கள். கதையை முழுவதும் சொல்லுங்கள். அந்தத் தாயைப்பற்றியும் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் தடுக்காதீர்கள்.”

அவர்கள் பண்டிகை முடிந்த வாரத்தில் சொன்னார்கள். எல்லாம் உடனே நலமாயிற்று என்று எழுத எனக்கு ஆசை, அது பொய்யாகும். மகள் மூன்று வாரம் அவர்களோடு பேசவில்லை. தன் சிநேகிதி வீட்டில் தங்கினாள். பின்பு ஒரு மாலை வந்து, “அந்த அம்மாவின் பெயர் தெரியுமா?” என்று கேட்டாள். பெயர் தெரிந்திருந்தது. அவளுடைய நீலச் சேலையின் ஒரு துண்டையும் சகோதரி இத்தனை ஆண்டுகளாகத் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எந்தக் குழாயும் அந்தத் துண்டைக் கொடுத்திராது. இருவரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு அழுதார்களாம். பிற்பாடு மகள் பரிசோதனையையும் செய்தாள், தாய் தடுக்கவில்லை. தூரத்து உறவினர் சிலர் காட்டப்பட்டார்கள். நெருங்கியவர் எவரும் இல்லை. அவள் இன்னும் தேடுகிறாள். தேடும்போது தாயும் பக்கத்தில் அமர்ந்து ஊர்ப்பெயர்களை வாசிக்க உதவுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பதை நீங்கள் காண்கிறீர்கள், இது தெரியாமலே.

இந்தக் காரியத்தில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவையே.

பெற்றோரே, உங்கள் வீட்டில் இப்படியொரு உண்மை இருக்குமானால், அதை வெளிப்படுத்தும் உரிமையை ஒரு நிறுவனத்திடம் விட்டுவிடாதீர்கள். சொல்வதற்கு ஏற்ற நாள் என்று ஒன்று தானாக வரப்போவதில்லை. பிள்ளை சிறியதாயிருக்கையிலேயே கதையாகச் சொல்லிவந்தால் அது ஒருநாளும் இடியாக விழாது. காலம் கடந்திருந்தால் இன்றைக்குச் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் வேண்டுமானால் நான் வருகிறேன். ஆனால் இரகசியத்தைக் காக்கும்படி இனி என்னைக் கேளாதீர்கள்.

வாலிபரே, இந்தப் பெட்டியைப் பரிசாக வாங்கிக் கொடுக்குமுன் வீட்டாரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கேலிசெய்யாதீர்கள். காரணத்தை அன்போடு விசாரியுங்கள். நீங்கள் கொடுக்கும் தகவல் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ‘23 அண்ட் மீ’ நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பைக் கோரியபோது, தங்கள் தகவல்கள் யார் கைக்குப் போகுமோ என்று வாடிக்கையாளர் பலர் கலங்கினார்கள். ஒப்பந்தம் செய்வதற்கோ சேவை பெறுவதற்கோ மரபணுப் பரிசோதனையை நிபந்தனையாக்கக்கூடாது என்ற சட்டம் கனடாவில் 2017 முதல் இருக்கிறது. என்றாலும் கடவுச்சொல்லை மாற்றலாம். மரபணுவை மாற்ற இயலாது.

சபையாரே, அடுத்த முறை ஒரு பிள்ளையைப்பற்றி “யார் பெற்றதோ” என்ற சொல் நாவில் எழும்போது, அதை அங்கேயே நிறுத்துங்கள். இந்தச் சபையில் உண்மையைச் சொல்வது ஆபத்தில்லை என்ற நிலை வரும்வரை, எந்தத் தாய்க்கும் உண்மையைச் சொல் என்று கட்டளையிட எனக்குத் துணிவு போதாது. இரகசியங்களை ஒழிப்பதற்கு முன் நாம் அவற்றின் தேவையை ஒழிக்கவேண்டும். அது போதகர் ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. ஆலய வாசலிலும் உணவு மேசையிலும் நீங்கள் ஒவ்வொருவரும் செய்யவேண்டியது.

இந்த வாரம் மத்தேயு முதலாம் அதிகாரத்தை, பெயர்களைத் தாண்டாமல், குடும்பமாக வாசியுங்கள். யோசேப்பிடம் வந்ததும் சற்று நிறுத்தி, உங்களை வளர்த்தவர்களுக்காக நன்றி சொல்லுங்கள். பின்பு, நம்மைவிட்டு விலகிப்போன அந்த மகனுக்காகவும் என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள். அவன் திரும்பி வருவானோ அறியேன். வந்தால், அவனுக்கென்று ஓர் இருக்கையும், அவனிடம் நேராகப் பேசும் ஒரு போதகரும் இங்கே இருக்கவேண்டும்.

நம்மைத் தம் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்ட பிதாவின் கிருபை உங்கள் யாவரோடும் இருப்பதாக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்